ஆறு பாத்திரத்தில் ஓர் ஆணம்

கல்முனைக் கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசியார் ஸைனுலாப்தீனுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தது. அதோடு சாய்ந்தமருது முழுக்க மாட்டிறைச்சிக்குக் கெட்ட பெயரும் வந்தது. ஐம்பத்தைந்தாம் ஆண்டு அது. கொழும்பு டாக்டர் ஒருவர் அவருடைய நாக்கையும் கண்ணையும் பார்த்துவிட்டு, இறைச்சியைக் குறைத்து இலைகறியைக் கூட்டச் சொன்னார். வேறு மனிதராயிருந்தால் தம் வீட்டுக் குசினியில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். பிறக்கிராசியார் தமக்கு விலக்கப்பட்டது ஊருக்கும் விலக்கப்பட வேண்டும் என்று நினைக்கிற ரகம். ஒரு மாதத்துக்குள் 'மரக்கறி உணவு முன்னேற்றக் கழகம்' என்று பலகை எழுதி வாசலில் தொங்கவிட்டார். தலைவர் அவர். செயலாளர் அவருடைய கிளாக்கர். உறுப்பினர்கள், அவரிடம் வழக்குக் கொடுத்துவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருந்தவர்கள்.

கழகத்தின் முதல் அலுவல் ஒரு சமையல் போட்டி. அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் பெண்களுக்கு அல்ல, பல்கலைக்கழக மாணவர்களுக்கு. பாண்டிருப்பிலிருந்து நிந்தவூர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் அன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அந்தக் கரையில் ஏழே பேர். ஏழும் ஆண்கள். விடுமுறைக்கு வந்து, சப்பாத்துப் போட்ட காலோடு கடற்கரையில் உலாத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தாமே யோசித்து, தம் கையாலேயே ஆக்கி, செய்முறையையும் எழுதிக் கொண்டுவர வேண்டும். உயிருள்ள எதிலிருந்தும் வந்த பொருள் சேரக்கூடாது. மாடு, ஆடு, கோழி, மீன் மட்டுமல்ல, முட்டை, பால், நெய்யும் கூடாது. நோட்டீசின் அடியில், நாளைய தலைவர்கள் இன்றே நாவை அடக்கப் பழக வேண்டும் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

கரைவலை இழுக்கிறவர்களின் சத்தத்தில் கண் விழிக்கிற ஊர். வேலிக்கு வேலி பெண்கள் கேட்டது ஒரே கேள்விதான்.

"மாசியுமா போடப்படா?"

"மாசியும் மீன்தானாம்."

"அது எப்ப மீனான?"

இந்தச் செய்தி றாபியாவின் காதுக்கு வந்தபோது அவள் சிரிக்கவில்லை. வாயிலிருந்த வெற்றிலையை வேலியோரம் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

றாபியாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். கலியாண வீடு, சுன்னத்து வீடு எதுவானாலும் பெரிய சட்டியில் இறைச்சி ஆக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். உயரமானவள். வலது முழங்கைக்குக் கீழே எண்ணெய் சுட்ட தழும்பு. நாக்கு அதைவிடச் சுடும். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று பார்க்க மாட்டாள். சட்டிக்குள் எட்டிப் பார்க்கிற மூக்கு யாருடையதாயிருந்தாலும் அகப்பையால் காற்றிலே ஒரு தட்டுத் தட்டி விரட்டுவாள்.

அவள் பிறவியிலேயே சமையல்காரியல்ல. புருஷன் சீனிமுகம்மது கரைவலைக்காரன். நாற்பத்து மூன்றில், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம், ஒரு மாதத் தொழில் என்று சொல்லிப் பாலமுனைக்குப் போனான். அங்கே இன்னொருத்தியை முடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். றாபியாவின் கையில் நாலு வயது மகள், சித்தி லைலா. பானையில் அரிசி இல்லை. பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்தது ஒரு கிழமையில் பாதி நாளுக்குக் காணாது. அவள் கிட்டங்கிப் பக்கம் நடந்து போய், தொடை மட்டும் தண்ணீரில் இறங்கி, அல்லிக் கொடியின் அடியில் சேற்றுக்குள் கிடக்கும் ஒல்லிக்கிழங்கைக் காலால் தடவித் தோண்டி எடுத்தாள். வயல் வரம்பில் பொன்னாங்காணி ஆய்ந்தாள். இரண்டு வருடம் தாயும் மகளும் அதைத்தான் தின்றார்கள்.

ஈர மூட்டையோடு அவள் தெருவால் வரும்போது சேற்று நாற்றம் முன்னால் வரும். படலையில் நிற்கிற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். முகைதீன்பாவா போடியாரின் மனைவி முனவ்வறாவும் அப்படிப் பொத்தியவள்தான். போடியாருக்குச் சவளக்கடையில் நாற்பது ஏக்கர் வயல், வீட்டுக்குப் பின்னால் நெல்லு முட்டிய பட்டறை. அந்தப் பட்டறையிலிருந்து ஒரு சுண்டு நெல்லும் படலை தாண்டவில்லை. புத்திமதி மட்டும் தாண்டியது.

"இந்த மாட்டுத் தீனியக் குடுத்தா புள்ளைக்கி வயித்தால போகும், றாபியா."

பிறகு ஒரு கலியாண வீட்டில் சட்டி கழுவப் போனாள். அன்றைக்குச் சமையல்காரிக்குக் காய்ச்சல். கரியும் சாம்பலும் பிடித்த கையைக் கழுவிவிட்டு றாபியா அகப்பையை எடுத்தாள். அந்த இறைச்சியைத் தின்றவர்கள் அடுத்த வீட்டுக்குச் சொன்னார்கள். அப்படியே தொழிலாகிவிட்டது. அந்த நாளிலிருந்து அவள் வீட்டுக்குள் ஒல்லிக்கிழங்கும் வரவில்லை, பொன்னாங்காணியும் வரவில்லை. போன வருடம் சித்தி லைலாவை மருதமுனையில் ஒரு நெசவுக்காரக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தபோது, ஒரு பிடி இலைகறி பந்தலுக்குள் வராமல் பார்த்துக்கொண்டாள்.

நோட்டீஸ் வந்து நாலாம் நாள், பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, முகத்தை மறைக்கக் குடை பிடித்துக்கொண்டு முனவ்வறா வந்தாள். கையில் ஒரு புதுச் சேலை.

"ராத்தா, எங்கிட மகன் மசூர் அந்தப் போட்டிக்கிப் பேர் குடுத்திரிக்கார். நாகரிகமா ஒரு மரக்கறி. ஆரும் ஆக்காத ஒண்டா இரிக்கோணும்."

"மசூர் ஆக்க மாட்டாரா?"

"அவர் படிக்கிற புள்ள. நெருப்புக்குக் கிட்டப் போனா தலையிடிக்கும்."

"பேர் குடுக்கக்குள்ள தலை இடிக்கல்லையா?"

முனவ்வறா அதைக் காதில் வாங்காதவள் போலச் சேலையைப் பாயில் வைத்தாள். "ஆருக்கிட்டயும் சொல்லிராதீங்க. வல்லாஹி, இது நமக்குள்ள."

றாபியாவுக்கு முதலில் வந்தது கோபம். மூக்கைப் பொத்திய அதே கை இன்று சேலையோடு வந்திருக்கிறது. போ என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. "போட்டியண்டு காலம ஆணம் ஊத்த ஒரு ஏனம் அனுப்புங்க" என்றாள்.

அடுத்த நாள் மஜீட் என்ற மாணவனின் தாய் வந்தாள். அவளும் குடைக்குள்தான் வந்தாள், அவளும் வல்லாஹி என்று ஆணையிட்டாள். அதற்கடுத்த நாள் இன்னொருவனின் அக்கா. மூன்றாவது ஆள் படலையைச் சாத்திக்கொண்டு போனதும் றாபியா தனியே நின்று சிரித்தாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கிழமை முடிவதற்குள் ஆறு வீட்டார் வந்துபோனார்கள். ஆறு பேருக்கும் ஒரே பதில் சொன்னாள்.

வராதது ஏழாவது வீடு மட்டும். அது பாண்டிருப்பில் ஒரு வயல்காரர் வீடு. மகன் பெயர் நல்லரெத்தினம். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் எந்தக் கழகமும் சொல்லாமலே மரக்கறிதான். அவனுடைய தாய், போட்டி உன்னுடையது, நீயே ஆக்கு என்று சொல்லி, கத்தியையும் மரவள்ளிக்கிழங்கையும் அவன் முன்னால் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டாளாம்.

போட்டிக்கு முதல்நாள் றாபியா கிட்டங்கிக்குப் போனாள். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். அவளுக்கு அந்தச் சேற்றை இன்னொருவர் மிதிப்பது பிடிக்கவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு தண்ணீரில் கால் வைத்ததும் பெருவிரல் தானாகவே கொடியின் அடியைத் தேடிப் போனது. அந்த விரலின் மேல் அவளுக்கு வெறுப்பு வந்தது.

விடியச் சுபஹ் தொழுதுவிட்டு அடுப்பு மூட்டினாள். கிழங்கைத் தோலுரித்து அவித்து, கசப்புப் போக இரண்டு தரம் தண்ணீரை வடித்தாள். தேங்காய்ப்பூவையும் சீரகத்தையும் வறுத்து அரைத்தாள். வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டாம் தேங்காய்ப்பால், அது வற்றி வர முதற்பால், கடைசியாகப் பொன்னாங்காணி. மாசி போடவில்லை. அந்தக் காலத்தில் மாசி வாங்க வழியிருந்ததில்லை, ஆகவே அது இல்லாமல் ருசி எடுக்க அவளுக்குத் தெரியும்.

அகப்பையில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள். விழுங்க முடியவில்லை. சோறு, சோறு என்று லைலா அழுதது காதுக்குள் கேட்டது. இதை என்னவென்று இந்தச் சனங்களுக்குக் கொடுப்பது? ஒரு கைப்பிடி உப்பு அள்ளிப் போட்டால் ஆறு வீட்டின் மானமும் போய்விடும். உப்புச் சட்டிக்குள் கையை விட்டாள். கை கேட்கவில்லை. கெடுத்து ஆக்க அவளுக்கு வரவே வராது. உப்பைத் தட்டிவிட்டு எழும்பினாள்.

முனவ்வறா வீட்டிலிருந்து மூடி போட்ட இங்கிலீசுக் கண்ணாடிக் கோப்பை வந்தது. ஒரு வீட்டிலிருந்து பித்தளைத் தூக்கு. மஜீட் வீட்டிலிருந்து விளிம்பு பெயர்ந்த எனாமல் ஏனம். ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருவர் போனபின் ஒருவராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஆறிலும் ஒரே சட்டிக் குழம்பு, ஒரே ஆணம்.

அதை முடித்துவிட்டு றாபியா பிறக்கிராசியார் வளவுக்குப் போனாள். அங்கேயும் அவளுக்கு வேலையிருந்தது. போட்டி முடிந்ததும், வந்திருக்கும் பெரிய மனிதர்களுக்குப் பகல் சாப்பாடு. பிறக்கிராசியாரின் மனைவி அஸீஸா இரண்டு நாளைக்கு முன்பே ஆள் அனுப்பியிருந்தாள்.

"மாட்டிறைச்சி, நெய்ச்சோறு. கூட ஆக்குங்க ராத்தா" என்றாள் அஸீஸா. "கொழும்பால உத்தியோகத்தர் வாறார். அவருக்கு இலையையும் கிழங்கையும் வைக்க ஏலுமா?"

"பொறகு இந்தப் போட்டி?"

"அது படிச்ச ஆக்கள்ற விசயம்கா."

பந்தலுக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகு மறைப்பு. அதற்குப் பின்னால் றாபியாவின் அடுப்பு. கிடுகின் ஓட்டையால் பார்த்தால் எல்லாம் தெரிந்தது. வெள்ளை விரித்த நீண்ட மேசை, அதில் ஏழு பாத்திரங்கள், பின்னால் ஏழு மாணவர்கள். ஆறு பேர் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்திருந்தார்கள். நல்லரெத்தினம் வெள்ளைச் சட்டையில், இரண்டு விரலில் துணி சுற்றிக்கொண்டு நின்றான். நடுவர்கள் மூவர்: பிறக்கிராசியார், கொழும்பு உத்தியோகத்தர், ஓய்வுபெற்ற இங்கிலீசு வாத்தியார் ஒருவர்.

ஒவ்வொருவனாகச் செய்முறையை வாசித்தான். மசூரின் கறிக்குப் பெயர் 'எவர்கிறீன் கறி'. இன்னொருவனுடையது 'ஹெல்த் ஸ்டூ'. மஜீட் தன்னுடையதற்குப் 'புரொகிறஸ் சூப்' என்று பெயர் வைத்திருந்தான். ஆறு பேரும் ஆறு விதமாக எழுதியிருந்தார்கள். ஒருவன் மூன்று நாள் ஊறவைத்தானாம். ஒருவன் ஆவியில் அவித்தானாம். பின்னால் றாபியா இறைச்சியைக் கிளறிக்கொண்டே, அடப்பாவிகளா, பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே என்று நினைத்தாள்.

நடுவர்கள் கரண்டியால் தொட்டுத் தொட்டுச் சுவைத்தார்கள். கண்ணாடிக் கோப்பைக்கு முன்னால் வாத்தியார் கண்ணை மூடினார்.

"ஆழ்ந்த சிந்தனை தெரிகிறது" என்றார். "நுட்பமான வாசனை."

எனாமல் ஏனத்துக்கு வந்தபோது கைலேஞ்சியால் வாயைத் துடைத்தார். "இதில் உப்புக் கூடிவிட்டது. ஏதோ ஒரு சேற்று வாடையும் இருக்கிறது."

உத்தியோகத்தர் பித்தளைத் தூக்கைத் தொட்டுவிட்டு, கனமில்லை என்றார். நல்லரெத்தினத்தின் மரவள்ளி அடியில் பிடித்துக் கருகியிருந்தது. அதற்கு மூவரும் முகத்தைச் சுளித்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். முதற்பரிசு, வெள்ளிக் கோப்பை, மசூருக்கு. இரண்டாவது ஹெல்த் ஸ்டூவுக்கு. மஜீட்டுக்கு ஆறாம் இடம், நல்லரெத்தினத்துக்கு ஏழாம் இடம். படம் பிடிக்க வந்தவன் மசூரையும் கோப்பையையும் பிறக்கிராசியாரையும் சேர்த்துப் பிடித்தான்.

எல்லாரும் கை தட்டிக்கொண்டிருக்க, நல்லரெத்தினம் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு மேசையின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்குப் போனான். ஆறையும் ருசி பார்த்தான். திரும்பவும் முதலாவதுக்கு வந்தான்.

"ஐயா, இது ஆறும் ஒண்டு" என்றான்.

"என்ன தம்பி?" என்றார் பிறக்கிராசியார்.

"ஆறும் ஒரே கறி. ஒரே கை ஆக்கினது. வேணுமெண்டா நீங்களே திரும்பப் பாருங்க."

"தோத்தவன் கதைக்கிற கதை இது."

"நான் தோத்தது சரி ஐயா. என்ட கிழங்கு கரிஞ்சி போச்சி, ஒத்துக்கிறன். ஆனா நான்தான் உரிச்ச, நான்தான் கரிச்ச. பரிசு வாங்கின இவர்ர கறியில இரிக்கிறது என்ன கிழங்கெண்டு கேளுங்க."

பந்தலில் எல்லாரும் மசூரைப் பார்த்தார்கள். பிறக்கிராசியாருக்கு வேறு வழியில்லை. மசூரின் பக்கம் திரும்பினார். மசூர் தாளைப் பார்த்தான். தாளில் 'கிழங்கு' என்று மட்டுந்தான் இருந்தது.

"அது... மலைநாட்டுக் கிழங்கு ஒண்டு" என்றான். "கண்டியில வாங்கின."

கிடுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பெண் குரல். அடக்கப் பார்த்து அடங்காமல் திரும்பவும் வெடித்தது. பந்தல் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது.

"ஆரது?" என்று பிறக்கிராசியார் கோட்டில் அதட்டுகிற குரலில் கேட்டார்.

றாபியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அகப்பையும் கையுமாக மறைப்பின் ஓரத்தில் வந்து நின்றாள்.

"நான்தான். தம்பி சொல்றது சரி. ஆறும் ஒரு சட்டிதான். விடியக்காலம எங்கிட அடுப்புல ஆக்கின."

பெண்கள் இருந்த பக்கத்தில் முனவ்வறா தலையைக் குனிந்தாள். மற்ற ஐந்து தாய்மாரும் சகோதரிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கே விளங்கியது.

"ஏன் இப்பிடிச் செஞ்ச நீ?" என்றார் பிறக்கிராசியார்.

"கேட்டாங்க, குடுத்தன். நீங்களெல்லாம் படிச்ச ஆக்கள். ஒரு சட்டிய ஆறு ருசியாத் திண்டீங்க. கண்ணாடிக்குள்ள இரிந்தா வாசமாம், எனாமலுக்குள்ள இரிந்தா சேத்து நாத்தமாம். அது கண்டிக் கிழங்கில்ல. ஒல்லிக்கிழங்கு. கிட்டங்கிச் சேத்துல கிடக்கிற. அத நானும் என்ட புள்ளையும் ரெண்டு வரிசம் திண்டம். அப்ப இந்த ஊருல ஒருத்தரும் எங்களுக்குக் கப்பு தரல்ல."

உத்தியோகத்தர் மாத்திரம் மெல்ல எழும்பி எனாமல் ஏனத்தில் இன்னொரு தரம் தொட்டுச் சுவைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இறைச்சி அடிப்பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு றாபியா உள்ளே போனாள்.

அதோடு நீதி நிலைத்தது என்று யாராவது நினைத்தால் அவருக்குப் பிறக்கிராசியாரைத் தெரியாது. பரிசு திரும்ப வாங்கப்படவில்லை. படம் பிடித்தாகிவிட்டதாம், பத்திரிகைக்கு எழுதியாகிவிட்டதாம். விதிமுறையில் 'தம் கையால்' என்ற சொல்லுக்கு 'தம் பொறுப்பில்' என்றும் பொருள் கொள்ளலாம் என்று கோட்டுத் தமிழில் ஒரு விளக்கம் சொன்னார். இரண்டு மாதத்தில் கழகம் ஒரு சிறுபுத்தகம் வெளியிட்டது. அதில் மசூரின் பெயரில் எவர்கிறீன் கறி இருந்தது. கிழங்கு, கண்டிக் கிழங்கு என்றே இருந்தது. அன்றைக்குப் பகல் நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. பிறக்கிராசியார் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

றாபியாவை மட்டும் ஊர் தண்டித்தது. ஆறு வீட்டாரும் ஒன்றாகச் சேர்ந்து, வாய் கூடியவள், வீட்டு மானத்தைப் பந்தலில் போட்டு உடைக்கிறவள் என்று பேசினார்கள். கலியாணங்களுக்கு வேறு ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். றாபியா மருதமுனைக்குப் போய் மகளின் வீட்டில் நூல் சுற்றினாள். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை. நூல் அறுந்தால் தறியையும் திட்டினாள், தறிக்காரனான மருமகனையும் திட்டினாள்.

ஒருநாள் நல்லரெத்தினம் சைக்கிளில் அங்கே தேடி வந்தான். சித்தி லைலா முற்றத்தில் பாய் விரித்தாள். அவன் இருக்கவில்லை.

"என்னாலதானே அம்மா உங்களுக்குத் தொழில் போச்சி" என்றான். "நான் வாயத் திறந்திருக்கப்படா."

"நீ வாயத் திறந்ததுக்கு வெக்கப்படாத" என்றாள் றாபியா. "அந்த மரவள்ளிக்கி வெக்கப்படு. மோந்து பாத்தன். மாடும் திங்காது."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் தேத்தண்ணி குடிக்காமல் அவனைப் போக விடவில்லை.

போட்டி நடந்து எட்டாம் மாதம் முனவ்வறாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. அதற்கு முன்பு நடந்த இரண்டு கலியாணங்களில் புதுச் சமையல்காரி இறைச்சியைத் தோல் மாதிரி ஆக்கியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அக்கரைப்பற்றில் பெரிய இடம். முனவ்வறா இந்தத் தரம் குடை பிடிக்காமல், பட்டப்பகலில், ஊர் பார்க்க மருதமுனைக்கு வந்தாள்.

"ராத்தா, நடந்தத மறந்திருங்க. எங்கிட புள்ளைட கலியாணத்த நீங்கதான் ஆக்கித் தரணும்."

"வாறன்" என்றாள் றாபியா. "ஆனா பொண்டுகளுக்கு மத்தியில நீங்க ஒண்டு சொல்லோணும். மசூருக்குப் பரிசு கிடைச்ச கறிய ஆக்கின ஆரு எண்டு."

"அது எல்லாருக்கும் தெரியும்தானே, ராத்தா."

"தெரியும். உங்கிட வாயால கேக்கோணும்."

முனவ்வறா தறியில் தொங்கிய ஒரு நூலை விரலில் சுற்றி அவிழ்த்தாள். பிறகு ஓம் என்றாள்.

கலியாணத்தன்று, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்களின் நடுவில் அவள் அதைச் சொன்னாள். குரல் எழும்பவில்லை, முகம் சிவந்தது, ஆனால் சொன்னாள். ஒரு கிழவி, இன்னொரு தரம் சொல்லு பிள்ளை, கேட்கவில்லை என்றாள். முனவ்வறா இன்னொரு தரம் சொல்ல வேண்டியதாயிற்று. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

குசினியில் நின்ற றாபியாவுக்கு அது கேட்டது. பெரிய சந்தோசம் வரும் என்று நினைத்திருந்தாள். அவ்வளவாக வரவில்லை. முனவ்வறா இரண்டாந்தரம் சொன்னதைக் கேட்க ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவத்தின் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. கொள்ளியை இழுத்து நெருப்பைக் குறைத்தாள். சட்டிக்குள் எட்டிப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மாமியை அகப்பையால் விரட்டினாள்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு சட்டிகளைக் கழுவக் கொடுத்துவிட்டு, அவளுக்கென்று எடுத்து வைத்த சோற்றையும் இறைச்சியையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த குசினியைக் கூட்டினாள். கடற்கரையில் அப்போதுதான் வலை ஏறியிருந்தது. ஒரு கை சூடை மீன் வாங்கி வந்து மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரித்தாள். சுடுசோற்றோடு பாயில் இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டாள். நாளை மறுநாள் ஆக்கக் காரைதீவு வீதியில் ஒரு சுன்னத்து வீட்டார் இன்றைக்கே கூப்பிட்டிருந்தார்கள், அதற்கு விறகு காய்ந்ததா என்று காலையில் போய்ப் பார்க்க வேண்டும்.